விமான உடைப்புச் சாமான்: பார்த்ததைச் சொல்லுங்க

ஓசூர் வார்ப்படம்:
ஏலத்தில் எடுத்த லாட். ரிப், ஸ்பார் (இறக்கை, உடலின் உள் எலும்புச் சட்டங்கள்), தகடு எல்லாம் மஞ்சள் பச்சை பிரைமரோடு இருந்ததால் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு கியர் பெட்டி மூடி. அலுமினியம் என்றே உலையில் விழுந்தது, ஆனால் அது மக்னீசியம். கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம்! ஹெல்பர் தண்ணீர் வாளியைத் தூக்கிவிட்டான். மேஸ்திரி அவன் கையைத் தட்டிவிட, வாளி உலைக்கு வெளியே கவிழ்ந்தது. எரிகிற மக்னீசியத்தில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்கும். அந்த வாளிதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மக்னீசியம், அதே அளவு அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு. அரத்தால் ஓரிடத்தைத் தேய்த்து ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் மக்னீசியம். சக்கர ஹப், கியர் பெட்டி, இன்ஜின் மூடிகளில்தான் அதிகம் வரும். அரப்பொடியைக் குவிய விடாதீர்கள், முதலில் பற்றுவது அதுதான்.

பர்கூர் கட்டர்:
உலைக்கு வருமுன்னே ஆளைச் சாய்க்கிற சாமான் லேண்டிங் கியர் கால், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கால். உள்ளே எண்ணெயும் அழுத்தத்தில் நைட்ரஜனும் இருக்கும். விமானம் பல வருஷம் வெயிலில் கிடந்தாலும் அந்த அழுத்தம் அப்படியே நிற்கலாம். ஒரு காலின் வால்வைத் திறந்தபோது சீறல் நிற்கவே இல்லை. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர், "இன்னுமா காத்து போகுது?" என்று கேட்டார். அதே காலில் நேராக கேஸ் கட்டரை வைத்திருந்தால் பிஸ்டன் பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பியிருக்கும். வால்வுக்கு நேராக நிற்காமல், மெதுவாக, முழுசாக இறக்குங்கள். பிறகு எண்ணெயை வடியுங்கள். அதற்கப்புறம்தான் கட்டர். எண்ணெய் அழுத்தத்தைச் சேமிக்கிற ஹைட்ராலிக் அக்யுமுலேட்டருக்கும் இதே முறைதான். எஜெக்ஷன் சீட் (ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கை) இருந்தால் தொடவே வேண்டாம். அதன் வெடி கார்ட்ரிட்ஜ் எடுக்கப்பட்டதற்கு எழுத்தில் சான்று வாங்காமல் லாட்டை ஏற்றாதீர்கள்.

சூளகிரி:
ஓசூர் அண்ணா, தண்ணீர் கூடாது என்றீர்கள், எதைப் போடுவது என்று சொல்லவில்லையே. உலர்ந்த உப்புத்தூள் அல்லது உலர்ந்த வார்ப்பிரும்புச் சீவல் ஒரு டிரம்மில் மூடித் தயாராக இருக்க வேண்டும். உலைப் பக்கம் கிடக்கிற மணலை அள்ளிப் போடுவார்கள். அதில் ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்றியது போலத்தான்.

இன்னொன்று. "விமான அலுமினியம், உயர்ந்த சரக்கு" என்று கிலோவுக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள். தகடாக இருக்கும்வரைதான் உயர்வு. மேல்தோலுக்கு வருகிற 2024 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவையில் செம்பு நாலு சதவீதத்துக்கு மேல், வலுவான பாகங்களுக்கு வருகிற 7075 கலவையில் துத்தநாகம் ஐந்து சதவீதத்துக்கு மேல். இரண்டையும் ஒரே மூசையில் உருக்கினால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. டை காஸ்டிங்குக்கு வேண்டிய சிலிக்கான் இரண்டிலும் கிடையாது. தனித்தனியாகப் பிரித்தால்தான் காசு. போல்ட்டுகளில் காட்மியம் பூச்சு இருக்கும், பிரைமரில் குரோமேட் இருக்கும். பெயின்டோடு உருக்கினால் அந்தப் புகை நுரையீரலுக்குத்தான் போகும். இதில் சமையல் பாத்திரம் வார்க்கவே கூடாது.

தேன்கனிக்கோட்டை:
பழைய இரும்புக் கடையில் விமான மீட்டரின் ஒரு டயல். கண்ணாடி இல்லை, எண்களில் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய ரேடியம் பெயின்ட் பழுப்பாகி உதிர்ந்து கொண்டிருந்தது. கடைக்காரர் இருட்டில் வைத்துக் காட்டி, "ஒளி போயிடுச்சு சார், பவர் இல்லை, பயப்படாதீங்க" என்றார். நகத்தால் சுரண்டியும் காட்டினார்! ஒளி போனது, கூடக் கலந்த துத்தநாக சல்பைடு கெட்டதால். கதிர்வீச்சு வீசுகிற ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். உலகப் போர்க் காலத்து மீட்டர் என்றால் ஒளி வந்தாலும் வராவிட்டாலும் திறக்காதீர்கள், ஊதாதீர்கள். பாலிதீன் பையில் போட்டுக் கட்டித் தனியாக வைத்துவிட்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவியுங்கள். 2010-இல் டெல்லி மாயாபுரியில் இதே போலக் கதிர்வீச்சுள்ள கோபால்ட்-60 காயலான் கடைக்குப் போய் ஓர் உயிரையே எடுத்தது.

தருமபுரி:
எல்லாரும் உருக்குவதையே பேசுகிறீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் அரிசோனாவின் கிங்மனில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட விமானங்களை நிறுத்தி, பெரும்பாலானவற்றை உருக்கி இங்காட் (உலோகக் கட்டி) ஆக்கினார்கள். நம் நாட்டில் கதை வேறு. போர் முடிந்து கிளம்பும்போது பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனது. பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல் ஆட்கள் அந்தக் குவியலில் தேறியதைச் சேர்த்து, பறக்கிற அளவுக்குத் தேற்றி, பெங்களூருக்குப் பறக்கவிட்டு, அங்கே முழு ஓவர்ஹால் செய்தார்கள். இப்படிச் சுமார் 40 விமானங்கள். 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் இவற்றோடுதான் தொடங்கியது. 1968 வரை இந்தியாவில் பறந்தன. இன்று இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் நிற்கிற லிபரேட்டர்கள் சிலவும் இவைதான். ஒரு லாட்டை எடை போடுமுன் எந்தப் பாகம் முழுசாக இருக்கிறது என்று ஒரு முறை சுற்றி வாருங்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஓசூர் வார்ப்படம்:
தருமபுரி சார், மனசு கேட்கிறது, ஆனால் உலைக்கு வருகிற சரக்கு ஏற்கெனவே துண்டு துண்டாகத்தான் வருகிறது.

காவேரிப்பட்டணம்:
உருக்காமல் காட்சிக்கு வைப்பவர்களும் கேளுங்கள். ஒரு கல்லூரி வாசல் விமானத்தில் வயிற்றுப் பக்க வடிகால் துளையைக் கம்பியால் குத்தினார்கள். புறா எச்சமும் சேறுமாகத் தண்ணீர் கொட்டியது. வெளியே பெயின்ட் பளபளப்பு, உள்ளே ரிப் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருந்தது. பழைய விமானங்களை நிறுத்தி வைக்கிற அமெரிக்க விமானப்படைத் தளம், அரிசோனாவின் டேவிஸ்-மான்தனில் ஈரப்பதம் குறைவு, தரையும் கெட்டி. அங்கேயும் திறப்புகளை அடைத்து, உள்ளே சூடு ஏறாதபடி வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். நமக்கு இரண்டு பருவமழை. மழைக்கு முன்னும் பின்னும் வடிகால் துளைகளைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே போகும் வாய்க்கும் பின்பக்கக் குழாய்க்கும் வலை அடியுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், வியர்க்கும். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேருமிடத்தில்தான் அரிப்பு தொடங்கும், அங்கே கிரீஸ் தடவுங்கள். டயரை நம்பாமல் ஜாக் பாயின்டில் (ஜாக் வைத்துத் தூக்கும் இடத்தில்) ஸ்டாண்ட் கொடுத்து எடையை இறக்குங்கள்.

பர்கூர் கட்டர்:
இரும்பு ஸ்டாண்டுக்கும் விமானத்துக்கும் நடுவில் ரப்பர் ஷீட் வையுங்க அண்ணா. இல்லேன்னா அங்கேயே அரிக்கும்.