மூளை அழுத்தப் பதிவில் இருமலை என்ன செய்வது? உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தலையில் அடிபட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களின் மூளை அழுத்தப் (மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தம்) பதிவுகளை, பெயர் நீக்கிய தரவாக வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

நான் கணக்கிடுவது பிஆர்எக்ஸ் (PRx), அதாவது ரத்த அழுத்தம் மாறும்போது மூளையின் ரத்தக்குழாய்கள் எப்படி ஈடுகொடுக்கின்றன என்று காட்டும் எண். 1997-இல் கேம்பிரிட்ஜில் மாரெக் சோஸ்னிகா குழுவினர் வெளியிட்ட குறியீடு. ரத்த அழுத்தம், மூளை அழுத்தம் இரண்டுக்கும் 10 விநாடிச் சராசரி எடுத்து, அடுத்தடுத்த 30 சராசரிகளுக்கு ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு) பார்க்க வேண்டும். மூளையின் ரத்தக்குழாய்கள் ஒழுங்காகச் சுருங்கி விரிந்தால் மதிப்பு சுழியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். ரத்த அழுத்தத்தோடு மூளை அழுத்தமும் சேர்ந்தே ஏறி இறங்கினால் 1-ஐ நோக்கிப் போகும். அது கெட்ட அறிகுறி.

சிக்கல் இதுதான். ஒருவருக்குக் குழாய் விட்டுச் சளி உறிஞ்சும்போது இருமல் வந்து, மூளை அழுத்தம் 14-லிருந்து 38 மில்லிமீட்டர் பாதரசத்துக்குத் தாவுகிறது, ரத்த அழுத்தமும் கூடவே ஏறுகிறது. உடனே பிஆர்எக்ஸ் 0.8 காட்டுகிறது. குழாய்கள் நிஜமாகவே செயலிழந்தனவா, வெறும் இருமலா? ரத்த அழுத்தம் அளக்கத் தமனிக்குள் செருகிய குழாயைக் கழுவும்போது வருகிற பொய்யான உச்சத்தை வெட்டிவிடலாம், சரி. இருமலை அப்படி வெட்ட மனசு வரவில்லை. அந்த உயர்வை அந்த மூளை உண்மையிலேயே தாங்கியிருக்கிறது.

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? 30 புள்ளிகளில் எத்தனை விடுபட்டால் அந்த 5 நிமிடத்தையே தள்ளுவீர்கள்? அப்புறம், ஐசியு செவிலியர்கள் யாராவது இருந்தால், சளி உறிஞ்சிய நேரத்தை நிமிடக் கணக்காகக் குறித்துவைப்பீர்களா என்றும் சொல்லுங்கள்.