மேல்ஸ்தாயியில் குரல் சிதைகிறது: கெயினை எந்த அளவில் வைப்பது?

வெள்ளவத்தைப் பாடகி:
கடற்கரையை அண்டிய தொடர்மாடி வீட்டில், கண்டென்சர் ஒலிவாங்கியை ஓடியோ இன்டர்பேஸ் (ஒலியைக் கணினிக்கு ஏற்றவாறு மாற்றித்தரும் கருவி) வழியாக மடிக்கணினியுடன் இணைத்துத் தேவாரம் பாடிப் பதிவுசெய்கிறேன். கீழ்ஸ்தாயிக்கு ஏற்பக் கெயினை (ஒலிவாங்கியிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) கூட்டினால், மேல்ஸ்தாயிக்குப் போகும்போது மீட்டர் சிவந்து குரல் கரகரக்கிறது. குறைத்துப் பதிந்து பின்னர் உயர்த்தினால் மின்விசிறியின் இரைச்சலும் கூடவே எழுகிறது. மென்பொருளின் ஃபேடரை (ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியை) இறக்கியும் கரகரப்புப் போகவில்லை. எதை எவ்வளவில் வைக்க வேண்டும்?

கொட்டாஞ்சேனை வாசி:
ஃபேடர், பதிவாகி முடிந்த ஒலியின் அளவை மட்டுமே மாற்றும். இன்டர்பேஸிலேயே பூச்சிய டெசிபெலைத் தொட்டு அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டால், பிறகு எவ்வளவு இறக்கினாலும் அந்த வெட்டு அப்படியே இருக்கும். ஆகவே கெயின் குமிழைத்தான் திருப்ப வேண்டும். பதிகத்தின் மிக உயர்ந்த அடியை முழுக் குரலில் பாடி, மீட்டர் மறை 10 (-10) டெசிபெல் அளவைத் தாண்டாதவாறு அதை நிறுத்துங்கள். சோதனையின்போது பாடுவதைவிட உண்மையான பதிவில் எல்லோரும் சற்று உரத்தே பாடுவார்கள் என்பதால் அந்த இடைவெளி அவசியம். கீழ்ஸ்தாயியில் மீட்டர் தாழ்ந்து நிற்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். 16 பிட் பதிவின் வீச்சு, அதாவது அதில் அடங்கும் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான வித்தியாசம், ஏறத்தாழ 96 டெசிபெல். 24 பிட்டில் அது கோட்பாட்டளவில் 144. எனவே 24 பிட்டைத் தெரிவுசெய்யுங்கள்.

தெஹிவளை ஒலிப்பதிவாளர்:
மேலே கூறப்பட்டது சரியே. ஆனால் இரைச்சலுக்கு மருந்து கெயினில் இல்லை, அக்கா. குமிழ் குரலையும் விசிறியையும் ஒரே அளவில் உயர்த்துகிறது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஒலிவாங்கியின் முன்னாலேயே தீர்மானமாகிவிடுகிறது. 30 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்று பாடுகிறீர்கள் என்றால் 15 சென்ரிமீற்றருக்கு வாருங்கள். குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும், விசிறி இருந்தபடியே இருக்கும், கெயினை அதே அளவு குறைத்துவிடலாம். அதைவிட நெருங்கினால் கார்டியோயிட் (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும்) ஒலிவாங்கியில் அடிக்குரல் வீங்கித் தெரியும், காற்றுத் தெறிப்பும் விழும். அந்தத் தெறிப்பைத் தடுக்கும் பொப் வடிகட்டி ஒன்றை இடையில் வையுங்கள். மேல்ஸ்தாயிக்குப் போகும்போது ஒரு சாண் பின்வாங்கிப் பழகுங்கள். மேடைப் பாடகர்கள் செய்வதும் அதுதான். கொழும்புப் புழுக்கத்தில் கஷ்டம்தான், ஆனாலும் ஒரு பதிகம் முடியும்வரை விசிறியை நிறுத்திவிடுவதே நல்லது. கரையோரப் பாதையில் ரயில் போனால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெள்ளவத்தைப் பாடகி:
நெருங்கி நின்று மறை 10இல் வைத்துப் பாடினேன், கரகரப்பு அறவே இல்லை. மிக்க நன்றி. ஆனால் பாடாத இடைவெளிகளில் தாழ்ந்த 'உம்' ஒலி ஒன்று கேட்கிறது.

கொட்டாஞ்சேனை வாசி:
அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் முனகலாக இருக்கக்கூடும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் பதிந்து பாருங்கள். ஒலி நின்றுவிட்டால் காரணம் சார்ஜர் அல்லது அந்தச் சுவர்ச் செருகியின் புவித்தொடுப்பு. நிற்காவிட்டால் ஒலிவாங்கியின் கேபிளை மாற்றிப் பாருங்கள்.