புதுப்பிப்பு: கிளப் மிக்ஸர்ல இடது பக்க சவுண்ட் போன விஷயம்

போன வாரம் எழுதியிருந்தேன்ல, கிளப்ல நான் டிஜேவா பாட்டு போடுற செட் நடுவுல, மிக்ஸர்ல (பிளேயருங்களோட சவுண்ட கலக்குற மெஷின்) இடது பக்க சவுண்ட் வந்து வந்து போகுது, ஒரு பிளேயர்ல க்யூ பட்டன் (பாட்ட குறிச்ச இடத்துக்கு கொண்டு வர்றது) நாலு தடவ அமுக்குனாதான் எடுக்குதுன்னு, அதோட அப்டேட் இது. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

நீங்க சொன்ன மாதிரியே இந்த தடவ கூட்டம் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போயி, ஹெட்போன மாட்டிக்கிட்டு ஒவ்வொரு ஃபேடரையும் (ஒவ்வொரு சேனலோட சவுண்ட கூட்டிக் குறைக்குற தள்ளு பட்டன்) மெதுவா ஏத்தி இறக்கி பாத்தேன், ரெண்டாவது சேனல்ல கரகரன்னு சத்தம். மிக்ஸர் பின்னாடி டார்ச் அடிச்சு பாத்தா பிளேயர்ல இருந்து மிக்ஸருக்கு சவுண்ட் கொண்டு வர்ற ஆர்சிஏ வயரோட பின்னு பச்ச பூத்துப்போய் தொட்டாலே ஆடுது. நான் கொண்டு போன வயர மாட்டுனதும் இடது பக்கம் முழுசா வந்துருச்சு, அப்பாடான்னு இருந்துச்சு.

ஃபேடருக்கு கிளீனர் அடிக்க சொன்னீங்க, ஆனா நான் அடிக்கல. கிளப்காரங்க பொருள கேக்காம தொடுறது சரியில்ல, அதுவும் பவர் ஓடுறப்ப அடிக்கவே கூடாது. அந்த சேனல விட்டுட்டு நாலாவதுக்கு மாத்திக்கிட்டேன், க்ராஸ்ஃபேடர் (ரெண்டு பக்க பாட்டுக்கு நடுவுல மாத்துற தள்ளு பட்டன்) அசைன் எல்லாத்தையும் த்ரூல போட்டுட்டேன், அப்ப சவுண்ட் க்ராஸ்ஃபேடர் வழியா போகாது, அது தேஞ்சிருந்தாலும் சவுண்ட் அறுபடாது. க்யூ பட்டனுக்கு பதிலா எல்லா பாட்டுக்கும் முதல் பீட்ல ஹாட் க்யூ (வேற பட்டன அமுக்குனா அந்த இடத்துல இருந்தே பாட்டு ஓடுற குறி) வீட்லயே வச்சுட்டு போனேன். பென்டிரைவ் ரெண்டு, ரெண்டையும் ஃபேட்32 ஃபார்மட்ல வச்சிருக்கேன், ஏன்னா பழைய பிளேயர் நிறைய எக்ஸ்ஃபேட்ங்கிற இன்னொரு ஃபார்மட்ட படிக்காது.

முடிச்சதும் எந்த சேனல், எந்த பட்டன்னு போட்டோவோட மேனேஜருக்கு அனுப்பிட்டேன். இதுவரைக்கும் யாருமே சொல்லலையாம்! ஃபேடர மாத்த ஆள் கூப்பிட்டிருக்காரு.