ஆர்பி25: காயில் மாற்றியும் பூஸ்ட்டில் மிஸ்ஃபயர் நிற்கவில்லை

வண்டி 1994 நிஸான் ஸ்கைலைன் ஆர்33, முதல் சீரிஸ், ஆர்பி25டிஇடி எஞ்சின். இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஒரிஜினல்.

ஐடிலிங் சுத்தம், மெதுவான ஓட்டத்திலும் குறை இல்லை. பூஸ்ட் (டர்போ கொடுக்கும் காற்றழுத்தம்) 0.8 பார் ஏறி 4,500 ஆர்பிஎம் தாண்டினால் மிஸ்ஃபயர் ஆகி (பெட்ரோல் சரியாக எரியாமல்) வெட்டி வெட்டி இழுக்கிறது, சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாசம். பழைய காயிலில் (பிளக்குக்கு ஸ்பார்க் மின்சாரம் கொடுக்கும் பாகம்) இதே தொல்லை 4,000-இலேயே வந்தது. அதனால்தான் போன மாதம் ஆறு காயிலையும் கழற்றி, ஆர்35 ஜிடிஆர் காயில் போட்டேன்.

இந்தக் காயிலுக்குள்ளேயே இக்னைட்டர் (காயில் மின்சாரத்தை ஆன்-ஆஃப் செய்யும் பாகம்) இருக்கிறது. அதனால் காயில் கவரின் பின்னால் இருந்த தனி இக்னைட்டரை எடுத்துவிட்டு, இசியு சிக்னல் வயரை நேராகக் கொடுத்தாயிற்று (இரண்டும் சேர்ந்து இருக்கவே கூடாது). பேட்டரியிலிருந்து ரிலே வழியாகப் புது லைன், எர்த் நேராக சிலிண்டர் ஹெட்டில். முழு லோடில் காயில் கனெக்டரில் 13.8 வோல்ட் நிற்கிறது, ஆகவே வயரிங்கைச் சந்தேகிக்கவில்லை.

பிளக் புதிது. இடைவெளி 1.1 மி.மீ.-இலிருந்து 0.8, பிறகு 0.7. குறைக்கக் குறைக்க மிஸ் கொஞ்சம் தள்ளிப்போகிறது. ஸ்பார்க் பலம் போதவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். கம்ப்ரெஷன் ஆறிலும் சமம், பூஸ்ட் கசிவு இல்லை, ஃப்யூயல் பிரஷர் பூஸ்ட்டோடு சேர்ந்து ஏறுகிறது. நல்ல ஏர்ஃப்ளோ மீட்டர் (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது) ஒன்றை மாற்றிப் போட்டும் மாற்றமில்லை.

மிச்சம் இருப்பது ட்வெல் நேரம்தான் (ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் முன் காயில் சார்ஜ் ஆகும் நேரம்). ஒரிஜினல் இசியு பழைய காயிலுக்கான ட்வெல்லைத்தான் கொடுக்கும், மாற்ற வழியில்லை.

ஒரிஜினல் இசியுவோடு ஆர்35 காயிலை 0.8 பாரில் மிஸ் இல்லாமல் ஓட்டுபவர்கள் இருக்கிறீர்களா, அல்லது ட்வெல் மாற்றக்கூடிய இசியு போட்டே ஆகவேண்டுமா?