தம்பியின் மாத்திரையைத் தைக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள், செய்யலாமா?

வடசென்னை அக்கா:

வணக்கம். என் தம்பிக்கு 26 வயது, பெயின்டிங் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு முதுகு வலிக்கென்று நண்பன் கொடுத்த டேபென்டடால் மாத்திரையில் தொடங்கினான். பிறகு அதையே ஊசியில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டான். முழங்கையின் உட்பக்கம் சீழ் பிடித்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு தனியார் மையத்தில் 45 நாள் அடைத்து வைத்தோம். வெளியே வந்த பதினோராம் நாள் பழைய அளவையே ஏற்றிக்கொண்டு, உதடு நீலம் பாரித்துக் குளியலறையில் கிடந்தான். கதவை உடைத்துத் தூக்கினோம்.

இப்போது எட்டு மாதமாக அரசு ஓ.எஸ்.டி. மையத்தில், அதாவது போதைக்குப் பதிலாக மாற்று மருந்து கொடுக்கும் இடத்தில், புப்ரினார்பின் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். ஒழுங்காக வேலைக்குப் போகிறான், சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கிறான். ஆனால் சித்தப்பா, "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடித்திருக்கிறான்" என்கிறார். தைக்குள் நிறுத்திவிட்டால் பெண் பார்க்கலாம் என்று அம்மாவும் அழுகிறார். நிறுத்தலாமா?

கொள்ளிடக்கரை:

மன உறுதிதான் வேண்டும். என் மைத்துனர் இருபது ஆண்டுக் குடியை ஒரே நாளில் விட்டார். மாத்திரையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் எப்போது மீள்வது?

மருந்தறைச் செவிலி:

சகோதரி, அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். நான் ஒன்பது ஆண்டுகளாக இப்படி ஒரு மையத்தில்தான் மருந்து கொடுக்கிறேன். மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் போட்டுவிட்டு, அது கரையும் வரை எதிரிலேயே உட்கார வைப்பேன். பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். ஊசி போட்ட கையோடு வருபவருக்கு அன்று கொடுக்க மாட்டோம். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு எல்லாம் தொடங்கிய பிறகே முதல் டோஸ். முன்கூட்டிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் போதைப்பொருளை இது தள்ளிவிட்டு, அவரைத் துடிக்க வைத்துவிடும்.

சித்தப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, மூளையில் போதை உட்காரும் இடத்தை இந்த மருந்து பிடித்துவைத்துக்கொள்கிறது. உடம்பு முறுக்காது, ஏக்கம் அடங்கும். ஓரளவுக்கு மேல் இது மூச்சை அடக்குவதில்லை. ஆனால் மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இதைத் தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

குளியலறையில் நடந்ததற்கு வருகிறேன். 45 நாளில் அவர் உடம்பு பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிட்டது, ஆசை மட்டும் அப்படியே இருந்தது. விட்ட பிறகு வரும் வாரங்கள்தான் ஆளைக் கொல்பவை. 2017இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வில், புப்ரினார்பின் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு நான்கு பேருக்குச் சற்று மேல் இறந்தார்கள். சிகிச்சையை விட்ட காலத்தில் அது ஒன்பதைத் தாண்டியது. இதே போன்ற இன்னொரு மாற்று மருந்தான மெதடோனில் 11, விட்டபின் 36. பிரான்சில் 1995 முதல் சாதாரண குடும்ப மருத்துவர்களே புப்ரினார்பின் எழுதிக் கொடுக்கலாம் என்றானது. நான்கே ஆண்டில் மிகைப் போதைச் சாவுகள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. உலக சுகாதார நிறுவனமும் 2005இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

கொள்ளிடக்கரை ஐயா, உங்கள் மைத்துனர் மீண்டதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். தயவுசெய்து அதை மற்றவர்களுக்கு வழியாகச் சொல்லாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். ஹெபடைடிஸ் சி வெளியே தெரியாமலே ஈரலை அரிக்கும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதற்கு மருந்து இலவசம். பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வார மாத்திரையிலேயே குணமாகிவிடுகிறது.

எப்போது நிறுத்துவது என்பதைத் தை மாதமோ ஆடி மாதமோ முடிவுசெய்ய முடியாது. நிறுத்த வேண்டும் என்று தம்பி கேட்டாரா?

பழைய துறைமுகம்:

நான் மருந்தில் இருந்தவன். வீட்டார் வற்புறுத்தி இரண்டு முறை நிறுத்தினேன், இரண்டு முறையும் ஒரு மாதத்துக்குள் ஊசிக்குத் திரும்பினேன். மூன்றாம் முறை நானாகவே டாக்டரிடம் கேட்டேன். ஒன்றரை ஆண்டு எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்; கடைசியில் 0.4 மில்லிகிராம் மாத்திரை. அதைக் குறைக்கும்போதுதான் மிகவும் சிரமப்பட்டேன், தூக்கமே வரவில்லை. அப்போது என் மனைவிக்கு எல்லாம் தெரியும். திருமணத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்.

வடசென்னை அக்கா:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை நாளில் அவனிடம் யாருமே கேட்கவில்லை என்பது செவிலி அம்மா கேட்ட பிறகுதான் உறைத்தது. இன்று சாப்பாடு போடும்போது கேட்டேன். நெடுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "இப்போது வேண்டாம் அக்கா, அந்தக் குளியலறைக் கதவு இன்னும் கனவில் வருகிறது" என்றான். ஊசியை இரண்டு பேருடன் பகிர்ந்ததையும் அவனாகவே சொன்னான். வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு அவனுடன் நானும் போகிறேன். சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.