அக்காவுக்குத் தைராய்டு கண் நோய், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்களேன்

வணக்கம். அக்காவுக்கு 46 வயசு. கிரேவ்ஸ் நோய்க்கு (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிற நோய்) ஒரு வருஷமா மாத்திரை. ரத்தத்துல தைராய்டு அளவு சரியாயிடுச்சு, ஆனா கண்ணு மட்டும் வெளியே தள்ளிக்கிட்டே வருது. அது சரியானா இதுவும் அடங்கிடும்னு நாங்களா நினைச்சுக்கிட்டது தப்பு.

ஸ்கேன்ல கண்ணை அசைக்கிற தசைகள் தடிச்சிருக்கு. கண்குழியைச் சுத்தி எலும்பு, வீங்கினா முன்பக்கம்தானே வழி! மேலே பார்த்தா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. பார்வை நரம்பு இதுவரை நசுங்கலையாம். நிறங்கள், முக்கியமா சிவப்பு, மங்கினா அன்னைக்கே வரச் சொல்லியிருக்கார் டாக்டர்.

வாரம் ஒரு தடவை, 12 வாரம், நரம்பு வழியா ஸ்டீராய்டு ஏத்தப் போறாங்க. அக்காவுக்குச் சர்க்கரையும் உண்டு, ஸ்டீராய்டு அதை ஏத்திடும், அதான் பயம். சர்க்கரையோட இதை எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா? அந்த நாட்கள்ல இன்சுலின் தேவைப்பட்டுச்சா? இரட்டைப் பார்வைக்குப் பிரிசம் கண்ணாடி உதவுச்சா, இல்ல ஒரு கண்ணை மூடியே சமாளிச்சீங்களா?

சிகரெட் இந்தக் கண் நோயை மோசமாக்கும்னு தெரிஞ்சதும் மாமா வீட்டுக்குள்ள பிடிக்கிறதை விட்டுட்டார். இருபது வருஷம் அக்கா கெஞ்சியும் நடக்காதது!

கைவைத்தியம் மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம்.