ஆயிலுக்குச் செலவு செய்கிறோம், கண்ணாடியை ஏன் விட்டுவிடுகிறோம்?

வால்பாறை ரோடு:
நம்ம பக்கம் கார் வைத்திருக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. மீட்டரில் 5000 கிலோமீட்டர் கூடியதும் இன்ஜின் ஆயில் மாற்ற ஓடுகிறோம், ஆனால் வைப்பர் ரப்பர் மட்டும் வண்டி வாங்கின அன்றைக்கு இருந்ததே இன்னும் இருக்கும். போன ஜூனில் வால்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன், பின்சீட்டில் அம்மாவும் இரண்டு குழந்தைகளும். நாற்பது கொண்டை ஊசியில் பாதிகூடத் தாண்டவில்லை, மழை வலுத்துவிட்டது. வைப்பர் ஒவ்வொரு முறை போய்வரும்போதும் சரியாக என் கண்ணுக்கு நேரே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை துடைபடாமலே நின்றது. எதிரே ஏறி வந்த பேருந்தின் விளக்கு அந்தப் பட்டையில் கரைந்து தெரிந்ததே தவிர, பேருந்து எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று தெரியவில்லை. கை நடுங்கிவிட்டது. அப்போது ஆயில் மாற்றி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அதனால் எனக்கு என்ன பிரயோஜனம்?

பாலக்காட்டுக் கணவாயில் காற்று கிளம்பும் முன்னால், மே மாதமே ரப்பரை மாற்றிவிடுங்கள். நகத்தால் நுனியைத் தடவிப் பாருங்கள், ஒரு வருஷம் வெயிலில் நின்ற ரப்பர் சொரசொரவென்று இருக்கும். ஆயில் 10,000-க்கு ஒருமுறை போதும், மிச்சமாகிற காசில் ரப்பர் வாங்கலாம்.

பல்லடம் பட்டறை:
தம்பி, பிள்ளைகளோடு பத்திரமாக வந்து சேர்ந்தீர்களே, அதுவே பெரிசுங்க. ஆனால் கடைசி வரியை ஒத்துக்கொள்ள மாட்டேன். இருபது வருஷமாக இன்ஜின் பிரிக்கிறேன். இன்ஜின் மேல்மூடியான டாப்பெட் கவரைக் கழற்றினால் உள்ளே கறுப்பு அல்வா மாதிரி கசடு அப்பிக் கிடக்கும், ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் கட்டியாக வரும். அந்தக் கசடு ஆயில் போகிற வழியை அடைத்த பிறகு யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. வைப்பர் கெட்டால் ஓரம் கட்டி நிற்கலாம். இன்ஜின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டால் வீட்டில் நகை அடகுக்குப் போகும், அதையும் பார்த்திருக்கிறேன். 5000-க்கு ஒரு தடவை மாற்றுங்கள், நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ஆயிலாகப் போடுங்கள்.

வால்பாறை ரோடு:
அண்ணா, அந்த ரோட்டில் ஓரம் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம்.

கெட்டி ஆயில் விஷயத்தில் நீங்கள் சொல்வது பழைய வண்டிக்குச் சரி. இன்ஜின் சூடேறின பிறகு ஊட்டியில் ஓடினாலும் கரூரில் ஓடினாலும் சூட்டை அளவோடு வைக்கிற தெர்மோஸ்டாட், இன்ஜினைக் குளிரவைக்கிற திரவமான கூலன்ட்டை 90 டிகிரி பக்கத்தில்தான் பிடித்துவைக்கிறது, வெளி வெயிலுக்கும் அதற்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை. 5டபிள்யூ-30 என்றால் கடைசி 30 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கான எண். முன்னால் உள்ள 5டபிள்யூ குளிரில் அது எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டுவது. இப்போதைய இன்ஜினில் இடைவெளிகள் சின்னவை, காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் சீக்கிரம் மேலே ஏற வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும்.

சங்ககிரி லாரி வீடு:
கண்ணாடிக்கு இவ்வளவு யோசனை எதற்கு? எங்க அப்புச்சி லாரி ஓட்டினவர், மழையில் வைப்பர் நின்றுபோனால் புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் ஒரு தேய் தேய்ப்பார். தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் வழிந்து ஓடிவிடும், ரோடு தெரியும். நானும் காரில் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன்.

நொய்யல் கரை:
புகையிலை வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. வைப்பர் மோட்டார் நின்றுபோய் வீடு வரைக்கும் வந்துசேர வேண்டும் என்றால் அது பெரிய உதவி. ஆனால் கழுவாமல் விட்டால் ஒரு படலம் தங்கிவிடுகிறது, ராத்திரி எதிர் வண்டி பிரைட்டில் வந்தால் கண்ணாடி முழுக்க வெளிச்சம் தெறிக்கும்.

வைப்பரை விட எனக்குப் பெரிய தொந்தரவு உள்பக்க ஆவி. தினமும் அவிநாசியிலிருந்து திருப்பூர் போய் வருகிறேன். மழையில் நனைந்த குழந்தையைப் பள்ளியில் இருந்து ஏற்றினால் ஐந்தே நிமிஷத்தில் கண்ணாடி வெள்ளையாகிவிடும். குளிருகிறது என்று ஏசியை அணைப்பதுதான் தப்பு, ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்து எடுக்கும். ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, உள்காற்றையே சுற்றவிடுகிற பட்டனை எடுத்துவிட்டு வெளிக்காற்று வரவிட்டால் ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடுகிறது.

பல்லடம் பட்டறை:
அம்மிணி, நீங்கள் சொன்ன மாதிரியே செய்து போன வாரம் ஒருத்தர் கோயமுத்தூரிலிருந்து வந்தார், ஏசியைக் கண்ணாடியில் அடிக்க அடிக்க ஆவி கூடுகிறது என்றார். ஏசி அணைத்தால்தான் போகும் என்று நான் சொன்னேன், போய்விட்டது. அப்போ இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நொய்யல் கரை:
அது வெளிப்பக்க ஆவிங்க அண்ணா. வெளியே புழுக்கமாக மழை பெய்யும்போது ஏசி கண்ணாடியைச் சில்லென்று ஆக்கிவிடுகிறது, செம்பில் ஐஸ் தண்ணீர் வைத்தால் வெளியே வேர்க்குமே, அது மாதிரி. விரலால் உள்ளே ஒரு கோடு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கோடு விழுந்தால் உள்ளே, விழாவிட்டால் வெளியே. வெளியே என்றால் வைப்பர் ஒரு தடவை போட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து கால் பக்கம் திருப்பிவிட்டு, ஏசியைக் கொஞ்சம் குறைத்தால் போதும். மலையில் குளிர், அங்கே பெரும்பாலும் உள்ளே படியும். கீழே சமவெளியில் இரண்டுமே நடக்கும்.

வால்பாறை ரோடு:
இது எனக்குப் புதுசு அக்கா. மலையில் ஓட்டியே பழகினதால் எல்லா ஆவியும் உள்ளேதான் என்று நினைத்திருந்தேன்.

நொய்யல் கரை:
சரி, ஆயில் விஷயத்தில் எனக்கே ஒரு சந்தேகம். பெட்ரோல் வண்டிதான், வருஷத்துக்கு 4000 கிலோமீட்டர்கூட ஓடாது. 10,000 ஆகட்டும் என்று இரண்டு வருஷமாக ஆயில் மாற்றவில்லை. நேற்று ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் தயிர் மாதிரி மஞ்சள் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

பல்லடம் பட்டறை:
முதலில் டிப் ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கிற குச்சியை, எடுத்துப் பாருங்கள் அம்மிணி. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், அணைத்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்க வேண்டும், ஒரு தடவை துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுக்க வேண்டும். குச்சியிலும் பால் காபி நிறம் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். இன்ஜின் ஆறின பிறகு கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குச்சி சுத்தமாக இருந்து மூடியில் மட்டும் தயிர் என்றால் அது ஈரம். சின்னச் சின்ன ஓட்டத்தில் இன்ஜின் முழுசாகச் சூடாகிறதே இல்லை, உள்ளே சேருகிற நீராவி வெளியேற வழியில்லை, பெட்ரோலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கும். இதனால்தான் 5000, 5000 என்று கத்துகிறேன்.

நொய்யல் கரை:
பார்த்துவிட்டேன். குச்சியில் கறுப்பு ஆயில்தான், கூலன்ட் அளவும் சரியாக இருக்கிறது. சனிக்கிழமை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுகிறேன்.

வால்பாறை ரோடு:
இந்த இடத்தில் நான் இறங்கி வருகிறேன் அண்ணா. 10,000 போதும் என்று மொட்டையாகச் சொன்னது தப்பு, புத்தகத்திலேயே 10,000 அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்றுதான் இருக்கிறது. அக்காவுக்கு வருஷக் கணக்குதான். ஆனால் அதே அளவுகோலில் பார்த்தால் 5000 என்பதும் எல்லாருக்கும் பொருந்தாதே? சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் தினமும் நூறு கிலோமீட்டர் ஒரே சீராக ஓடுகிற பெட்ரோல் வண்டி, சீக்கிரம் கெடாத சிந்தெட்டிக் ஆயில், அதை ஏன் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கொட்ட வேண்டும்? ஆயில் கறுத்துவிட்டது என்று காட்டி மாற்றச் சொல்கிறார்கள். டீசல் வண்டியில் புது ஆயிலே சில நூறு கிலோமீட்டரில் கறுத்துவிடும், கரியை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை.

பல்லடம் பட்டறை:
நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு 10,000 சரி, நிறத்தைப் பார்த்து மாற்ற வேண்டியதில்லை என்பதும் சரி. சாதாரண மினரல் ஆயில் ஊற்றும் பழைய டீசல் வண்டிக்கு 5000-ஐ விட மாட்டேன்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி வைத்திருக்கிறவர்கள் டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைகிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது, ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். புகைக்குழாயில் கரி பிடிக்கிற ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நல்ல ஓட்டம் வேண்டும். ஊருக்குள்ளேயே ஓட்டினால் அந்த வேலை பாதியில் நின்று, அதற்கென்று அடித்த டீசல் ஆயிலில் கலந்துவிடும். மேல்கோட்டைத் தாண்டி நின்றால் கிலோமீட்டர் எவ்வளவாக இருந்தாலும் உடனே கொட்டிவிட வேண்டும். சாம்பல் குறைவாக விடும் ஆயில் என்று புத்தகத்தில் போட்டிருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

வால்பாறை ரோடு:
நன்றிங்கண்ணா. மழையில் ஓட்டுகிறவர்களிடம் இன்னும் ஒன்று. நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. டிம்மில் விளக்கு எரிந்தால் போதும், மூடுபனியில் பிரைட் போட்டால் வெளிச்சம் திரும்ப நம் கண்ணிலேயே அடிக்கும். டயர் பட்டன், அதாவது டயர் மேலுள்ள வரிப்பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்பது சட்டத்துக்கான குறைந்தபட்சம், மலைக்கு அதை நம்பிப் போக வேண்டாம்.

சங்ககிரி லாரி வீடு:
நேற்று ராத்திரி கண்ணாடியை ஷாம்பு போட்டு வெளியே கழுவிவிட்டு, உள்பக்கத்தையும் ஈரத் துணியால் துடைத்தேன். வாங்கின நாளிலிருந்து உள்ளே தொட்டதே இல்லை, வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகிவிட்டது. பவானி வரைக்கும் போய் வந்தேன், எதிர் விளக்கு அவ்வளவாகத் தெறிக்கவில்லை. ரப்பரும் மாற்றிவிடுகிறேன். புகையிலைப் பொட்டலம் மட்டும் டேஷ்போர்டிலேயே இருக்கட்டும், மோட்டார் நின்றால் வேறு வழி இல்லைங்க.